கிடங்கம்மாவின் ஃபர் காலர்

— பெட்டி எங்கயும் ஓடிடாது, மாப்ளே. முதல்ல டீயைக் குடி.

— இது மூணாவது டீ, அத்தான். வந்து ஒரு மணி நேரமாச்சு. அக்கா கேட்டது ரெண்டே சாமான். குளிருக்குக் கழுத்துல மாட்டற ஃபர் காலர், தோல் கையுறை. எடுத்துக் குடுத்தீங்கன்னா அடுத்த ரயிலைப் பிடிச்சுடுவேன்.

— எடுத்துக் குடுக்கறதா! என்னமோ தீப்பெட்டி கேக்கற மாதிரி கேக்கறே. ஒரு ஃபர் காலரைக் கோடை முழுக்கப் பாதுகாத்து வெக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— தெரியாம? முப்பத்தோரு வருஷம் கிடங்குல வேலை பார்த்தவளோட தம்பி நான்.

— தம்பிக்கு என்ன தெரியும், புருஷனுக்குத்தான் தெரியும். ஊர்ல இருக்கறவங்க ஃபர் கோட்டு, தோல் சட்டை, தொப்பி, கையுறை அத்தனையையும் கோடைக்கு உங்க அக்கா கையில ஒப்படைச்சுட்டுப் போவாங்க. குளிர் வந்ததும் வந்து வாங்கிப்பாங்க. நடுவுல இருக்கற ஆறு மாசம், ஒரு அந்துப்பூச்சி அந்தத் தெருவுல திரும்பணும்னாக்கூட கிடங்கம்மாகிட்ட அனுமதி கேக்கணும்.

— கேட்டுச்சாக்கும்.

— மனுவே போட்டுச்சு! என் கண்ணால பார்த்தேன்.

— அத்தான்...

— சரி, மனு இல்ல. வாய்மொழியாத்தான் கேட்டுச்சு.

— எட்டு மாசம் தனியா இருந்தும் இந்த வாய் மட்டும் குறையல உங்களுக்கு.

— குறையுமா? கேக்க ஆளில்லாம சேர்ந்து போயிருக்கு. நீ வேற வசமா வந்து மாட்டினே.

— மாட்டினது போதும். நான் கேக்கறதுக்கு ஆமாம், இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. குளிர் முடிஞ்சதும் காலரை ஒழுங்கா எடுத்து வெச்சீங்களா, இல்லையா?

— ஆமாம்.

— அப்பாடா.

— ஆனா எப்படி வெச்சேன்னு கேளு. முதல்ல வெளியில கொண்டுபோய் உதறினேன். நான் உதறின உதறல்ல எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் பண்ணிட்டார், இந்த வீட்டுல யாரையோ போட்டு அடிக்கறாங்கன்னு.

— போலீஸ் வந்துதா?

— ரெண்டு பேர் வந்தாங்க. காலரைத் தொட்டுப் பார்த்துட்டு, சல்யூட் வெச்சுட்டுப் போனாங்க. அப்புறம் நிழல்ல காத்தாட விட்டேன். ஃபர் மேல வெயில் படவே கூடாது, பட்டா நிறம் போயிடும், அடித்தோல் காஞ்சு வெடிச்சுடும். வெயில் எட்டிப் பார்த்த பக்கமெல்லாம் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். காலருக்குக் குடை, எனக்கு வெயில். அப்புறம் சீப்பு. முடி போற திசையிலயே சீவணும். நூறு தடவை சீவினேன். நூத்தியொண்ணாவது தடவை அது லேசா உறுமுச்சு.

— முயல் உறுமுமா, அத்தான்?

— முயலா! முயல்னு யார் சொன்னா? நரி. அதுவும் நல்ல குடும்பத்து நரி.

— வாங்கும்போது நானும் கடையில நின்னேன். முயல்.

— நரியோட சகவாசம் இருந்த முயல்.

— அது இருக்கட்டும்... கையில என்ன? நாலு விரல்லயும் பிளாஸ்திரி?

— இதுவா... அது வந்து... சீவும்போது கடிச்சுடுச்சு.

— காலர்.

— செத்த மிருகம்தானேன்னு நம்பி விரலைக் குடுக்கக் கூடாது, மாப்ளே. உனக்கும் சொல்லி வெக்கறேன்.

— ஏன் இப்பக் கை தட்டினீங்க?

— எப்ப?

— இப்பத்தான். என் காதுக்குப் பக்கத்துல. பட்டுனு.

— உன்னைப் பாராட்டினேன். மூணாவது டீயைக் குடிச்சு முடிச்சுட்டே பாரு.

— உள்ளங்கையில என்னமோ சாம்பல் மாதிரி ஒட்டியிருக்கு. பூச்சியா?

— எந்தப் பூச்சிக்கு இந்த வீட்டுக்குள்ள வரத் தைரியம் வரும்? கிடங்கம்மா வீடுன்னு அதுங்க பரம்பரை பரம்பரையாச் சொல்லி வளர்த்திருக்கும்.

— அந்த ஆணிக்குக் கீழ என்ன, சுவத்துல? சுவரு முழுக்க வெயில்ல வெளுத்துப் போயிருக்கு, அங்க மட்டும் பழைய நீலம் அப்படியே இருக்கு... குதிரை லாடம் மாதிரி.

— அதுவா? காலண்டர் மாட்டியிருந்தேன்.

— லாட வடிவத்துல?

— இப்பல்லாம் எல்லா வடிவத்துலயும் வருது. நீ ஊர் உலகத்தைப் பார்க்கறதே இல்ல.

— அக்கா காலர் மாட்டற ஆணிதானே அது?

— ...ஆமா. அதான்.

— நீங்க ரேடியோவுல வானிலை வாசிச்சப்ப, வீட்டுக்குன்னு தனியா ஒண்ணு வாசிப்பீங்களே, அதுக்கப்புறம்தான் கழட்டுவா. எங்களுக்கெல்லாம் பெரிய வேடிக்கை.

— வேடிக்கையா? அரசாங்க மரியாதையோட நடக்கும்! சாப்பாட்டு மேசையில எழுந்து நிப்பேன். தொண்டையைச் செருமிப்பேன். "இத்துடன் இந்த ஆண்டின் குளிர்காலம் முடிவடைகிறது." அவ்வளவுதான். உடனே எழுந்து போய்க் காலரைக் கழட்டுவா, உதறுவா, சீவுவா, பருத்திப் பையில போடுவா. நான் வாசிக்கற வரைக்கும் தொட மாட்டா. வெளியில வெயில் மண்டையைப் பொளக்கும், இங்க ஆணியில காலர் தொங்கும். ஒரு வருஷம் வேணும்னே மே மாசக் கடைசி வரைக்கும் இழுத்தடிச்சேன்.

— மே மாசமா?

— ஏப்ரல் பத்து.

— அக்கா என்ன சொன்னா?

— ஒரு வார்த்தை கேக்கலியே. தினம் எடுத்து, சீவிட்டு, மறுபடி அதே ஆணியில மாட்டினா. அறிக்கை வரலைன்னா வரலை. கிடங்குல அவ்வளவு கண்டிப்பான பொம்பளை... இந்த ஒரு கிறுக்குத்தனத்துக்கு மட்டும் எனக்குக் கட்டுப்படுவா.

— அப்படிப்பட்டவ, அந்தக் குளிர்ல, கழுத்துக்கு ஒண்ணுமில்லாம வீட்டை விட்டுக் கிளம்பினா. பிப்ரவரி. ஸ்டேஷன்ல நான்தான் கூட நின்னேன். மூக்கெல்லாம் செவந்து கெடந்துது. காலர் எங்கக்கான்னேன். "ஆணியில இருக்கு. குளிர் முடிஞ்சுதுன்னு அவரே வாசிச்சு, அவரே எடுத்து வெச்சுக்கட்டும்"னா.

— என்கிட்டயும் அதைத்தான் சொன்னா. வாசப்படியில நின்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்று மாலை திரும்பி வர வாய்ப்புள்ளது"ன்னு ரேடியோக் குரல்ல சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன்.

— சிரிச்சாளா?

— கதவைச் சாத்திட்டுப் போனா. மெதுவாத்தான் சாத்தினா. ஓங்கிச் சாத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— அன்னிக்கு அந்த விழாவுல நீங்க மைக்கைத் தொட்டிருக்கக் கூடாது, அத்தான்.

— கூப்பிட்டாங்கப்பா. "கிடங்கம்மா ஓய்வு பெறுகிறார், கணவர் ரெண்டு வார்த்தை பேசுவார்"னாங்க. ரெண்டு வார்த்தையில நிறுத்தற வாயா இது?

— நல்லபடியா நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— நல்லதைச் சொன்னா யார் சிரிப்பா? முன்வரிசையில முதலாளி, பின்னால நூறு வாடிக்கைக்காரங்க, எல்லாரும் கேக்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான்தான் கொஞ்சம்... ஒரு வருஷம் இவளுக்கு அந்துப்பூச்சிங்க மேல இரக்கம் வந்துடுச்சுன்னேன். கதவைத் திறந்து விட்டு விருந்து வெச்சா, பூச்சியெல்லாம் சேர்ந்து ஒரு நீதிபதியம்மா கோட்டை மொட்டை அடிச்சுடுச்சுன்னேன். இவ அசரல, எங்கேயோ தேடி அதே மாதிரி வேற ஃபர் கொண்டாந்து ஒட்டு போட்டுத் தெச்சுக் குடுத்துட்டா, அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் போட்டுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றாங்கன்னேன்.

— சிரிச்சாங்க.

— கூரை பிய்ஞ்சுது! முதலாளி நாற்காலியிலேர்ந்து வழுக்கி விழுந்தார். ரெண்டு பேருக்கு மூச்சுத் திணறி... சரி, ஒருத்தருக்குத்தான், அவருக்கு ஏற்கெனவே இருமல்.

— அக்கா?

— அவளும் சிரிச்ச மாதிரிதான் இருந்துது, மேடையிலேர்ந்து பார்க்க.

— மறுநாள் அக்கா சாவியை ஒப்படைக்கப் போனப்ப மூணு பேர் கிடங்குக்கு வந்து அவங்கவங்க கோட்டைப் புரட்டிப் பார்த்திருக்காங்க. அதுல ஒருத்தர் இருபது வருஷ வாடிக்கை. "விளையாட்டுக்குச் சொன்னார்னு தெரியும்மா, இருந்தாலும் ஒரு தடவை..."ன்னாராம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு முடி உதிர விட்டதில்லை அவ.

— தெரியும், தெரியும். எனக்குத் தெரியாததா? வந்து என்னைக் கூப்பிட்டா. "நாளைக்குக் கிடங்கு வாசல்ல நின்னு, நான் சொன்னது பொய்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜோடனை எதுவும் வேணாம்"னா.

— ஏன் போகல?

— ஜோக்குக்கெல்லாம் மறுப்பு அறிக்கை விடுவாங்களான்னேன். ஒரு வாரம் கேட்டா. எட்டாவது நாள் கேக்கல. அப்பாடா, மறந்துட்டான்னு நெனச்சேன். பெட்டி கட்டிட்டு இருந்திருக்கா.

— அப்புறமாவது போயிருக்கலாம்.

— போனேன்.

— என்னது? எப்ப?

— ஏப்ரல்ல. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு, கிடங்கு வாசல்ல நின்னு, "நான் அன்னிக்குச் சொன்னது முழுப் பொய், என் மனைவி ஒரு கோட்டையும் கெடுத்ததில்லை"ன்னேன். ஒரு காற்புள்ளி கூடச் சேர்க்கல.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல? என்ன சொன்னாங்க?

— விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "இந்தாளு முகத்தை எப்படி வெச்சுக்கறார் பாரு"ன்னு உள்ள இருந்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாங்க.

— அய்யோ...

— சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினாங்க. விடு. பெட்டியைப் பார்க்கறியா?

— அதுக்குத்தானே வந்தேன்.

— கையைத் துடைச்சுக்கோ. ம். இப்ப மூச்சை மெதுவா விடு. திறக்கறேன்... பாரு!

— அடேயப்பா.

— பருத்திப் பை. பிளாஸ்டிக் கூடவே கூடாது, தோலுக்கு மூச்சு முட்டி, வேர்த்து, பூஞ்சை பிடிச்சுடும். பையைச் சுத்தி மெல்லிசுக் காகிதம், ஏழு அடுக்கு. மேல எதையும் அடுக்கல, முடி படிஞ்சு போயிடும். பாச்சை உருண்டையை ஃபர் மேல போடாம, மூலையில துணி முடிச்சுக்குள்ள கட்டி வெச்சிருக்கேன். கையுறையைப் பாரு, ஒவ்வொரு விரலுக்குள்ளயும் காகிதம் சுருட்டி வெச்சிருக்கேன். ஆளே உள்ள இருக்கற மாதிரி இல்ல? குலுக்கிப் பாரு, கை குடுக்கும்.

— நிஜமாவே ஒழுங்காத்தான் வெச்சிருக்கீங்க, அத்தான். நான் எதிர்பார்க்கல.

— யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க. அதான் என் பலம்.

— கையுறை புதுசு மாதிரி இருக்கே.

— அதுக்குப் பேர்தான் பராமரிப்பு!

— கடை வாசனை கூட அடிக்குது.

— பராமரிப்போட வாசனை.

— காலரும் நல்லா... முன்னைக்கு இப்போ கொஞ்சம் அடர்த்தியா இருக்கற மாதிரி...

— ஓய்வு எடுத்திருக்குல்ல. நீயும் எட்டு மாசம் அசையாம படுத்துக் கெட, தலையில முடி வருதா இல்லையான்னு பாரு.

— ஆ, இதோ. மாட்டற வளையத்துல பச்சை நூல். அக்கா தெச்சது. கறுப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு அன்னிக்குப் பச்சையில தெச்சா. இது அதேதான்.

— பின்ன? வேற எதா இருக்கும்?

— தையல் மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு.

— அவ தெச்சப்ப நான் கதை சொல்லிட்டு இருந்தேன். சிரிச்சுக்கிட்டே தெச்சா.

— சரி. அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். பார்த்ததும் சொல்லுன்னா.

— போடு, போடு! ஏழு அடுக்குன்னு சொல்ல மறந்துடாதே.

— ...அக்கா? நான்தான். வந்து சேர்ந்துட்டேன்... நல்லாத்தான் இருக்கார். இளைச்சிருக்கார்... ம். இங்கதான் இருக்கு, என் கையில... இல்லக்கா. ஆணியில ஒண்ணும் இல்ல.

— காகிதத்தைச் சொல்லு!

— பெட்டியில இருக்கு. பருத்திப் பையில... ஆமாக்கா, ஏழு அடுக்குக் காகிதம் சுத்தி... இல்ல, நிஜமாவே. நீயே வெச்ச மாதிரி இருக்கு... என்னது? இரு, கேக்கறேன். அத்தான், குளிர் முடிஞ்சுதுன்னு வாசிச்சீங்களான்னு கேக்கறா.

— வாசிக்காம எடுத்து வெப்பேனா? அப்புறம் நடைமுறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

— என்னிக்கு வாசிச்சீங்கன்னு கேக்கறா.

— என்னிக்கு... மார்ச் மூணாம் தேதி! காலை ஏழு மணி ஐந்து நிமிடம்! மேசைக்கு முன்னால எழுந்து நின்னு, தொண்டையைச் செருமி, முறைப்படி. கேட்க ஆளில்லைன்னு சுவத்தைப் பார்த்து வாசிச்சேன். சுவரு கை தட்டுச்சுன்னு சொல்லு!

— மார்ச் மூணு, காலையில ஏழு மணி அஞ்சு நிமிஷத்துக்கு, சுவத்தைப் பார்த்து வாசிச்சாராம்... அக்கா?... இருக்கியா?... ம்... ம். சரிக்கா. கொண்டு வந்துடறேன்.

— என்ன சொன்னா? சிரிச்சாளா?

— சரின்னா.

— எந்த மாதிரிச் சரி? "பரவாயில்லையே" மாதிரிச் சரியா? "இந்தாளு திருந்திட்டான்" மாதிரிச் சரியா?

— வெறும் சரி, அத்தான். நான் கிளம்பறேன்.

— இரு, இரு. இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன்னு தெரிஞ்சாச்சு. கோபம் கொஞ்சம் எறங்கியிருக்கும்ல? எப்ப வர்றதா உத்தேசம்? பக்கத்து ரூமை வெள்ளை அடிக்கலாம்னு இருக்கேன். அவளுக்குப் பிடிக்காத அந்த அலமாரியைக்கூடத் தூக்கிப் போட்டுட்டேன்... சரி, போடல, நகர்த்தி வெச்சிருக்கேன்.

— அத்தான். உக்காருங்க.

— நான் எதுக்கு உக்காரணும்? நீதானே போகணும்னே?

— அக்கா வரல.

— இந்த வாரம்தானே வரல?

— இதை உங்ககிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னா. ஆனா நீங்க இப்படி வெள்ளை அடிக்கறதைப் பத்தியெல்லாம் பேசினா, நான் எப்படி வாயை மூடிட்டுப் போறது? அந்த ஊர்லயும் ஒரு கிடங்கு இருக்கு. பொறுப்பாளர் வேலைக்கு வந்துடுங்கன்னு ஒரு மாசமாக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். அக்கா ஒண்ணும் சொல்லாம இழுத்துக்கிட்டு இருந்தா.

— சொல்லிட்டாளா?

— முந்தா நேத்து என்னைக் கூப்பிட்டா. பெட்டி கட்டி, கட்டில் பக்கத்துல வெச்சிருந்தா. "நீ போய் அந்த ஆணியைப் பாரு. காலர் ஆணியிலயே இருந்தா தொடாதே. எப்படி இருந்தாலும் சரி, தொடாதே. நானே வந்து எடுத்து வெச்சுக்கறேன். பெட்டிக்குள்ள போயிருந்தா..."

— போயிருந்தா?

— "பெட்டிக்குள்ள போயிருந்தா, அவர் வாசிச்சு முடிச்சுட்டார்னு அர்த்தம். எடுத்துக்கிட்டு வந்துடு. நான் அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்"னா.

— ...

— அத்தான்? தண்ணி வேணுமா? ஏன் இப்படி... அத்தான், ஏதாவது பேசுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு.

— அந்த பிஸ்கட் டின்னை எடு.

— டீயே போதும்...

— அடுப்புக்கு மேல, பெரிய டின். எடுத்துத் திற.

— என்னத்தான் இது... ஏதாவது செத்து கித்து... சீ, பறக்குது! பூச்சி! ரெண்டு மூணு பறக்குது!

— அதான் உங்க அக்கா காலர்.

— விளையாடாதீங்க.

— புரட்டிப் பாரு. வளையத்துல பச்சை நூல் இருக்கும். நேரா இருக்கும்.

— ...இருக்கு.

— பெட்டியில இருக்கறது நேத்து வாங்கினது. நீ வர்றேன்னு போன் பண்ணதும் இதை ஆணியிலேர்ந்து கழட்டினேன். கை வெச்சதும் பாதி முடி தரையில கொட்டிடுச்சு. ஒரு பக்கம் வெயில்ல வெளுத்துக் கெடந்துது, இன்னொரு பக்கத்தைப் பூச்சி தின்னுடுச்சு. கையுறையை மடக்கினேன், காஞ்ச இலை மாதிரி ஒடைஞ்சுது. ரெண்டு நாளா இந்த ஊர்ல நான் ஏறாத கடை இல்ல, மாப்ளே. ஒரு பழைய சாமான் கடையில இதே நிறத்துல ஒண்ணு கெடைச்சுது. பச்சை நூல் வாங்கி, நானே தெச்சேன். அதான் விரல்ல பிளாஸ்திரி.

— பார்த்துக்கிட்டே ஏன் விட்டீங்க? பூச்சி வந்ததும் எடுத்து வெச்சிருக்கலாமே!

— ஜூன் மாசமே முதல் பூச்சியைப் பார்த்தேன். தினம் எழுந்து போவேன். கை வரைக்கும் போகும். எடுத்து வெக்கணும்னா வாசிக்கணும். வாசிச்சுட்டா அவ போனது போனதுதான்னு ஆயிடும்... சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வந்து உக்காந்துப்பேன்.

— இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!

— முப்பத்தோரு வருஷம் ஊரார் சாமானைக் காப்பாத்தினவ. அவளோட ஒரே ஒரு காலரை என்கிட்ட விட்டுட்டுப் போனா, நான் பூச்சிக்குப் போட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். வேற ஃபர் தேடிப் பிடிச்சு, ஒட்டுப் போட்டு... அன்னிக்கு மைக்கைப் பிடிச்சு அவ பேர்ல அளந்தேன் பாரு, அதை இன்னிக்கு நானே செஞ்சுட்டேன்.

— இருங்க. இப்பவே போன் போடறேன். இன்னும் மத்தியானம் ஆகல... எடுக்க மாட்டேங்கறா... ஆ, அக்கா! அக்கா, அவசரப்படாதே, ஒரு விஷயம். காலர் பெட்டியில இல்ல... இல்லக்கா, பெட்டியில இருந்துதுதான், ஆனா அது வேற. நிஜக் காலர் முந்தா நேத்து வரைக்கும் ஆணியிலதான்... பூச்சி தின்னுடுச்சு. என் கையில இருக்கு... சத்தியமாக்கா. அவர் சொல்லிக் குடுத்து நான் பேசல... அக்கா, கேளு... அக்கா.

— வெச்சுட்டாளா?

— வெச்சுட்டா.

— என்ன சொன்னா?

— "கொஞ்ச நேரத்துக்கு முன்னால ஏழு அடுக்குக் காகிதம், இப்பப் பூச்சியா? மார்ச் மூணாம் தேதி, ஏழு மணி அஞ்சு நிமிஷம்னு நிமிஷக் கணக்கோட சொன்னவர் அவர்தானே? உன்னையும் சேர்த்துக்கிட்டாரா இப்ப?"ன்னா. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. முதல் போன்ல நான் சொன்னதுமே அந்தக் கிடங்குக்காரங்களுக்குப் பதில் சொல்லியாச்சாம். திங்கக்கிழமை சேரணுமாம்.

— ம்.

— நீங்க பேசுங்க, அத்தான். மறுபடி போடறேன். உங்க வாயாலயே சொல்லுங்க.

— என் வாயாலயா? கிடங்கு வாசல்ல நின்னு சொன்னேனே, பார்த்தியா அந்த லட்சணத்தை? வேணாம். குடு அதை. பெட்டியில இருக்கறதை வெளிய எடு. அந்தப் பையில இந்தப் பழசை வை. டின்லயே அடியில பழைய கையுறை கெடக்கு, அதையும் வை, ஒடைஞ்ச விரலைத் தனியா ஒரு ஓரத்துல.

— காகிதம் சுத்தட்டுமா?

— வேணாம். அப்படியே.

— இதைக் கொண்டுபோய் நான் என்ன சொல்றது?

— ஒண்ணும் சொல்லாதே. நானும் ஒண்ணும் சொல்லி அனுப்பல. அவ கையில குடு, போதும். வெளிச்சத்துல வெச்சு முடியைப் பிரிச்சு, அடித்தோலைப் பார்ப்பா. எத்தனை மாசம் வெயில் பட்டுது, பூச்சி எப்ப வந்துது, என்னிக்கு ஆணியிலேர்ந்து கழட்டினது, எல்லாம் தெரிஞ்சுடும் அவளுக்கு. அந்த வேலையில அவளுக்கு மேல ஆளில்ல. இது அளப்பு இல்ல.

— தெரியும், அத்தான்... ஆனா திங்கக்கிழமை சேர்றேன்னு சொல்லிட்டாளே.

— சேரட்டும். அந்தக் கிடங்குக்குக் குடுத்து வெச்சிருக்கு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு மூணு டீயாச் சொல்லிக்கிட்டு இருந்தியே, கிளம்பு. பையை மடக்காதே. மேல எதையும் வெக்காதே. ஜன்னல் பக்கம் உக்காந்தா வெயில் படாம பார்த்துக்கோ.

— இனிமே வெயில் பட்டு என்ன ஆகப் போகுது?

— இருந்தாலும்.

— சரி. வர்றேன்... அத்தான், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த மார்ச் மூணாம் தேதி... சுவத்தைப் பார்த்து வாசிச்சேன்னீங்களே?

— வாசிக்கல, மாப்ளே. ஒரு நாளும் வாசிக்கல. இந்த வீட்டுல இன்னும் பிப்ரவரிதான்.